நீராவியின் வலது கண்

விபத்து அறிக்கையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘பணியாளர் கவனக்குறைவாக அழுக்குக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டதால் எரிச்சல் ஏற்பட்டது.’ எரிச்சலாம். வலது கண் வெந்து, இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு வந்தவளுக்கு மேற்பார்வையாளர் தேடிக் கண்டுபிடித்த சொல் அது. அறிக்கையின் நகலை அவள் மடித்துக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். பேருந்துக்குக் காத்திருக்கும்போது எடுத்துப் படிப்பாள். படித்து முடிப்பதற்குள் ரத்தம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். பேருந்து வந்து நின்று போனதுகூடத் தெரியாது.

பெரிய சலவைக் கூடம் ஒன்றில் பதினேழு வருஷமாக நீராவி இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிறவள் அவள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளும் தலையணை உறைகளும் துவைத்துப் பிழிந்து கடைசியில் அவள் கையில்தான் வந்து சேரும். கூடத்தில் எல்லாருக்கும் அவள் ‘நீராவி’. இயந்திரத்தை வைத்து வந்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களைக் கேட்டால், இயந்திரத்துக்காவது எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று காட்ட ஒரு முள் உண்டு, இவளுக்கு அதுவும் கிடையாது என்பார்கள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். துணியில் ஏறிய பிசுக்கை எடுக்க நீல நிற பீப்பாயில் ஒரு காரக் கரைசல் வரும். அதைக் குழாய் மாட்டி சலவை இயந்திரத்துக்கு ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ஆள் லீவு. மேற்பார்வையாளர் இவளை அனுப்பினார். இடுப்பில் ஒரு பிடி சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதால் அவருக்கு ‘சாவிக்கொத்து’ என்று பெயர். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று இவள் கேட்டாள்.

“அது அலமாரில இருக்கு. இப்ப யாரு போய்த் திறக்கறது. ரெண்டு நிமிஷ வேலைம்மா, போய் முடிச்சுட்டு வா” என்றார்.

அந்தச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய பீப்பாயைத் தள்ளிவிட்டுப் புதியதில் குழாயை மாட்டி விசையைத் தட்டினாள். குழாயை இறுக்கியிருந்த வளையம் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. அது தெறித்துப்போய்க் குழாய் ஒரு துள்ளு துள்ளியது. முதலில் வழவழவென்று ஏதோ முகத்தில் பட்டதுபோல இருந்தது. அடுத்த மூச்சில் கண்ணுக்குள் நெருப்பை அள்ளி வைத்ததுபோல ஆயிற்று. சுவரில் கண் கழுவுவதற்கென்றே பச்சைக் கைப்பிடி போட்ட ஒரு குழாய் உண்டு. தடவிக்கொண்டே போய்ப் பிடித்து இழுத்தாள். காற்று வந்தது. எங்கோ ஒழுகுகிறது என்று அந்தக் குழாயை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது.

துணி பிழியும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான ஆள், எல்லாருக்கும் பிழியலண்ணன், ஓடி வந்து அவளைத் தோளோடு அணைத்துக் கழிவறைக்கு இழுத்துப்போய்க் குழாயடியில் தலையைப் பிடித்து வைத்தார். அங்கேயே அரை மணி நேரம் வைத்திருந்தால் கண் இந்தக் கதிக்கு வந்திருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆனால் ஐந்து நிமிஷத்தில் சாவிக்கொத்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வலியில் முனகிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், எங்கே போடுகிறோம் என்று தெரியாமலே அவள் போட்டாள். அந்தக் கையெழுத்துக்கு மேலேதான் அந்த ஒரு வரி பின்னால் வந்து உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் கண் கட்டோடு படுத்திருந்தபோது விரல் தலையணை உறையின் ஓரத்தைத் தடவியது. தடித்த தையல், மூலையில் முத்திரை. அவர்கள் கூடத்தில் வெளுத்த துணிதான். இஸ்திரி மடிப்பு ஒரு விரற்கடை கோணியிருந்தது. தன் இடத்தில் யாரையோ நிற்க வைத்திருக்கிறார்கள், அந்த ஆளுக்கு மடிக்கத் தெரியவில்லை என்று அந்த நிலையிலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

புண் ஆறியது, பார்வை வரவில்லை. வலது கண்ணால் பார்த்தால் பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிகிற மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் கருவிழி சாம்பல் பூத்திருந்தது. அதன்மேல் சிவப்பு நூல்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருந்தன.

கண் டாக்டர் ஒல்லியான, வேகமாகப் பேசுகிற அம்மாள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சக் கோடு ஒன்றைக் கண்ணில் பாய்ச்சி, வெகுநேரம் பார்த்தார்.

“கருவிழிக்கு மேல கடிகாரத்துக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்குங்க. அதுல ரத்தக்குழாயே கிடையாது. இல்லாததாலதான் அது தெளிவா இருக்கு. உங்களுக்கு அந்தப் படலம் வெந்துடுச்சு. புண்ணை ஆத்தறேன்னு உடம்பு பக்கத்துல இருக்கற வெள்ளைப் பகுதியிலேருந்து புதுசா ரத்தக்குழாய்களை அனுப்புது.”

“நல்லதுக்குத்தான அனுப்புது?”

“நல்ல எண்ணம்தான். ஆனா வந்து உக்கார்ற இடம் பார்வை போற வழியா இருக்கே. புண்ணு ஆறின பிறகும் போகாது.”

“எங்க வீட்டுக்கும் ஒருத்தங்க ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னுதான் வந்தாங்க டாக்டர். ஆறு வருஷம் ஆச்சு.”

அந்த ஒருத்தங்க, அவளுடைய நாத்தனார், நாற்காலிக்குப் பின்னால்தான் வெந்நீர்ப் புட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கூரையைப் பார்த்தாள்.

இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நீராவி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் நாத்தனார் சமையலறை அலமாரியை முழுக்கக் காலிசெய்து தன் விருப்பப்படி அடுக்கிவைத்தாள். உப்பு எங்கே என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், யார் வீடு இது என்பதில் வந்து முடிந்தது. அதன் பிறகு எல்லாம் லாரி ஓட்டும் புருஷன் வழியாகத்தான். “உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க.” “அண்ணிகிட்ட சொல்லிடு அண்ணா.” அவர் வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பார். அந்த நாலு நாளும் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொள்ளும்.

“வேற கண் வெச்சுத் தைக்க முடியாதா?” என்று நீராவி கேட்டாள்.

“கண்ணை இல்ல, அந்தப் படலத்தை மட்டும் வெச்சுத் தைக்கலாம். ஆனா இவ்வளவு ரத்தக்குழாய் இருக்கற இடத்துல வெச்சா, ரத்தத்தோட வர்ற காவல்காரங்க இது வேத்தாள்னு கண்டுபிடிச்சு ஒதுக்கிடுவாங்க. முதல்ல இந்தக் குழாய்களை அடக்கணும்.” டாக்டர் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டார். “அதுக்கு ஒரு சொட்டு மருந்து சோதனை நடத்திட்டிருக்கோம். புது ரத்தக்குழாய் முளைக்காம தடுக்கற மருந்து. காயம்பட்ட கருவிழியில சொட்டா விட்டா வேலை செய்யுமான்னு இன்னும் தெரியாது. அதைத்தான் பார்க்கறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. பன்னிரண்டு வாரம். மத்த வைத்தியமெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான்.”

“எனக்கு எது வருது?”

“தெரியாது.”

“எனக்குச் சொல்ல மாட்டீங்க. உங்களுக்குத் தெரியும்ல?”

“எனக்கும் தெரியாது. புட்டியில எண் மட்டும்தான் இருக்கும். தெரிஞ்சா என் கண்ணே என்னை ஏமாத்தும். மருந்து போட்டவங்களுக்குக் கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி தோணும்.”

நீராவிக்கு முதலில் சுர்ரென்று வந்தது. தன் கண்ணை வைத்துச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்களா? வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. இந்த ஒன்றரை மாதத்தில் அவளிடம் பேசிய அத்தனை பேரும் தெரிந்ததுபோலவே பேசினார்கள். தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் இந்த அம்மாள் ஒருத்திதான். பதினான்கு பக்கச் சம்மதப் படிவத்தை மேசைமேல் போட்டு, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “உங்க தங்கச்சி பள்ளிக்கூட ஆபீசுலதான இருந்தாங்க. ஒரு வரி விடாம படிக்கச் சொல்லுங்க. படிக்காம கையெழுத்துப் போட்டு ஒரு தடவை பட்டாச்சு.”

நாத்தனார் ஒரு வரி விடாமல் படித்தாள். அடிக்குறிப்புகளையும் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதாக அண்ணனிடம் சொன்னாள்.

அப்புறம்தான் சங்கடம் வந்தது. காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு ஒன்பது என்று நாலு வேளை சொட்டு விட வேண்டும். விபத்துக்குப் பிறகு நீராவியால் தன் கண்ணுக்குப் பக்கத்தில் எதையும் கொண்டுபோக முடியவில்லை. புட்டியைத் தூக்கினாலே இமை இறுக்கிப் பூட்டிக்கொள்ளும். புருஷன் லாரியில் இருப்பார். வேறு யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் நாத்தனார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றாள். நீராவி நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதவர்கள், இப்போது ஒருத்தி மூச்சு இன்னொருத்தி நெற்றியில் படும் தூரத்தில் இருந்தார்கள்.

“மேல பாக்கணும்” என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்து.

“பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

“மேலன்னா கூரையை. என்னை இல்ல.”

சொட்டு விழுந்தது. மூக்கோரம் கண் முனையை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது. நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக அறுபது நொடி பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாட்குறிப்பில் கட்டத்துக்குக் கட்டம் குறி போட்டுவிட்டுப் போனாள். நீராவி வேலைக்குத் திரும்பிய பிறகும் பகல் பன்னிரண்டுக்கு நடந்தே கூடத்துக்கு வந்தாள். ஒரு நேரத்தில் ஒரு புட்டிதான் கொடுப்பார்கள், அது குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். காலையில் பனிக்கட்டி போட்ட குடுவையில் எடுத்துப்போய் உணவுக்கூடத்துக் குளிர்பெட்டியில் வைப்பாள் நீராவி. நாத்தனார் வந்து எடுத்துக் கண்ணில் விட்டுவிட்டுப் போவாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கண்ணைப் படம் எடுத்தார்கள். சிவப்பு நூல்கள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று கணினி அளந்தது.

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை பகல், நாத்தனார் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது.

மறுநாள் தலைமையிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்களாம். சாவிக்கொத்து எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போடச் சொல்லியிருந்தார். நீராவி கூடையில் கைவிட்டுத் துழாவினாள். ஊறிப்போன டீத்தூளுக்கு நடுவில் புட்டி கிடந்தது, மூடி இல்லாமல்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவர் மேசைக்குப் போனாள். பின்னாலேயே நாத்தனாரும் போனாள்.

“இது என்னன்னு தெரியுதா?”

“பேர் எழுதாத சாமானையெல்லாம் எடுத்துப் போடச் சொல்லி மேலேருந்து உத்தரவும்மா.”

“பேர் எழுதியிருக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருக்கு. மருந்துன்னு இவ்வளவு பெரிசாப் போட்டிருக்கு.”

அவர் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னமோ போ. எனக்கும் கண்ணு சரியாத் தெரியல போல.”

பக்கத்து மேசையில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான். வாழ்நாளில் முதல் தடவையாக நீராவிக்குக் கோபத்தில் பேச்சு அடைத்துப்போயிற்று. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“உங்களுக்குக் கண்ணு தெரியலேன்னா அந்தச் சாவியெல்லாம் எங்க அண்ணிகிட்ட குடுத்துடுங்க சார். ஒரு கண்ணுதான் இருக்கு. ஆனா எந்தப் பூட்டைத் திறந்திருக்கணும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.”

பக்கத்து மேசைக்காரன் இப்போது குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தான்.

வெளியே வந்து வாசல் வரை இருவரும் நடந்தார்கள். “உப்பு டப்பாவைப் பழைய இடத்துலயே வெச்சுடறேன்” என்றாள் நாத்தனார். “ஒண்ணும் வேண்டாம். இப்ப அங்கதான் கை பழகியிருக்கு” என்றாள் நீராவி. அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து புருஷனுக்குத் தூது போகிற வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியின் சோதனை மருந்தகம் வெள்ளிக்கிழமை பகலோடு மூடிவிட்டது. திங்கட்கிழமைதான் திறந்தது. அதற்குள் பன்னிரண்டு வேளை தவறியிருந்தது. அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண் நல்லவள், தேன் மாதிரிப் பேசுவாள். நாட்குறிப்பில் காலியாகக் கிடந்த பன்னிரண்டு கட்டங்களைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“அம்மா, இதுல குறி போட்டுடுங்களேன். மூணு நாள்தான். பன்னிரண்டு வாரத்துல மூணு நாள் ஒரு கணக்கே இல்ல. விட்டுப்போச்சுன்னா நான் காரணம் எழுதி மேல அனுப்பணும், அவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க.”

நீராவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் திறந்தது.

“என் கண்ணைப் பத்தி ஒரு ஆளு பொய் எழுதினான். நான் தேய்ச்சுக்கிட்டேனாம். இப்ப நீ நல்ல பொண்ணு, சிரிச்சுட்டே என்னையே ஒரு பொய் எழுதச் சொல்ற. விடாத மருந்தை விட்டேன்னு நான் எழுதி, மருந்து வேலை செய்யலேன்னு நீங்க முடிவு பண்ணி, நாளைக்கு இன்னொருத்திக்கு அந்த மருந்து கிடைக்காமப் போனா? அப்ப எந்த வாயை வெச்சுட்டு நான் அவனைத் திட்டறது?”

அங்கே காத்து உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. “பேனாவைக் குடு” என்றாள்.

கட்டம் சின்னது. காரணம் பெரிது. ‘விடவில்லை’ என்று பன்னிரண்டு தடவை எழுதினாள். கீழே, புட்டியைக் குப்பையில் போட்டது யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று எழுதினாள். இடம் போதவில்லை. நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். எழுதுவதென்று ஆரம்பித்துவிட்டோமே என்று, கண் எப்படிப் போயிற்று என்பதையும் எழுதினாள். பூட்டிய அலமாரி, துருப்பிடித்த வளையம், காற்று வந்த குழாய், வலியில் போட்ட கையெழுத்து. நாத்தனார் வாக்கியங்களைத் திருத்தினாள், வசவுகளை மட்டும் அடித்தாள்.

டாக்டர் அதைப் படித்தார். அவர் தன் கோப்பைத் திறந்து பழைய தாள் ஒன்றை எடுத்தார். அதில் காயத்தின் காரணம் என்ற இடத்தில் ‘கையால் தேய்த்தது’ என்றே இருந்தது. சலவைக் கூடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள்.

“இதை நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்” என்றார் டாக்டர். “தேய்ச்சா இப்படி வராது. உங்களுக்கு இமை வெந்திருக்கு, கன்னம் வெந்திருக்கு. மேலேருந்து வேகமாத் தெறிச்ச காயம் இது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கண்ணைப் பார்த்தேன், காகிதத்தைப் பார்க்கல.”

“இப்ப பாத்துட்டீங்கள்ல. எழுதுங்க.”

டாக்டர் எழுதினார். படத்தோடு, கையெழுத்தோடு, முத்திரையோடு. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாத்தனாரும் நீராவியும் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை போனார்கள். நான்கு தடவை அதிகாரி சீட்டில் இல்லை. ஐந்தாவது தடவை நீராவி அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி வரும் வரை எழுந்திருக்கவில்லை.

அவர் ஒருநாள் கூடத்துக்கே விசாரிக்க வந்தார். சாவிக்கொத்து அவரைச் சுவரோரக் குழாய்க்கு அழைத்துப்போய்ப் பச்சைக் கைப்பிடியை இழுத்துக் காட்டினார். தண்ணீர் பீறிட்டது. “பாருங்க சார். எப்பவும் இப்படித்தான். இந்தம்மா என்னமோ சொல்றாங்க” என்றார். அதிகாரி குறிப்பேட்டை மூடப்போனார். நீராவி சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிழியலண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது அவருக்கு.

“அண்ணே” என்றாள். “என் தலையை எந்தக் குழாய்ல பிடிச்சீங்க?”

“கழிவறைக் குழாய்லம்மா” என்றார், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பக்கத்துலயே இந்தக் குழாய் இருக்க, ஏண்ணே என்னைக் கழிவறைக்கு இழுத்துட்டுப் போனீங்க?”

பிழியலண்ணன் அதிகாரியிடம் திரும்பி, “இது முந்தாநாள் புதுசா இழுத்த குழாய் சார். பெயின்டைத் தொட்டுப் பாருங்க, இன்னும் பிசுபிசுக்கும்” என்றார்.

அதிகாரி தொட்டார். விரல் பச்சையானது.

அறிக்கை திருத்தப்பட்டது. பழைய வரியை அடித்துவிட்டு, காரக் கரைசல் தெறித்ததால் கண் பாதிப்பு, பாதுகாப்புச் சாதனம் வழங்கப்படவில்லை, கண் கழுவும் குழாய் இயங்கவில்லை என்று எழுதினார்கள். இழப்பீடும் வந்தது. சாவிக்கொத்துக்கு என்ன ஆயிற்று என்றால், வேறு கிளைக்கு மாற்றினார்கள், அதே பதவியில். அதைக் கேட்ட அன்று நீராவி ஒரு கட்டுத் தலையணை உறைகளை எரித்துவிட்டாள். வேண்டுமென்றல்ல, இயந்திரத்தை மூடிவிட்டுத் திறக்க மறந்துபோனாள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. படங்களில் சிவப்பு நூல்கள் அப்படியே இருந்தன, இரண்டொன்று கூடுதலாகக்கூட இருந்தன. மற்றவர்களின் கணக்கெல்லாம் முடிந்து, புட்டிகளின் எண்ணை உடைத்து யாருக்கு எது என்று பார்க்க இன்னும் ஏழு மாதம் ஆயிற்று. டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: நீராவிக்குப் போனது வெறும் சொட்டு.

கொதித்தவள் நீராவி அல்ல, நாத்தனார்.

“மூணு மாசம் டாக்டர். மழைல நடந்து வந்து, அறுபது நொடி எண்ணி எண்ணிப் பிடிச்சிருக்கேன். தண்ணியையா ஊத்திட்டிருந்தேன்?”

“அந்தத் தண்ணி இல்லேன்னா மருந்து வேலை செஞ்சுதா, தானா சரியாச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க.”

“அது படிவத்துப் பதினாலாம் பக்கம் மாதிரி இருக்கு. எனக்குப் புரியுது. ஆனா கோவமா இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் டாக்டர். “இருக்கவேண்டியதுதான்.”

மருந்து போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தன. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. படிவத்தில் சொல்லியிருந்தபடி, வெறும் சொட்டு போனவர்களுக்கு இப்போது உண்மையான மருந்தைக் கொடுத்தார்கள். மறுபடியும் நாலு வேளை, மறுபடியும் அறுபது நொடி. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பெண்களும் முனகிய முனகல் கொஞ்சமல்ல. இரண்டாம் மாதம் எடுத்த படத்தில் நடுவில் படர்ந்திருந்த மெல்லிய நூல்கள் வெளுத்திருந்தன. ஓரத்துத் தடித்த குழாய்கள் மட்டும் பிடிவாதமாக நின்றன. போதும், தைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

யாரோ ஒருவரின் கருவிழிப் படலத்தை வைத்துத் தைத்தார்கள். யார் என்று சொல்லவில்லை, அவள் இரண்டு தடவை கேட்டும். கட்டுப் பிரித்த அன்று எழுத்துப் பலகையில் மூன்று வரி தெரிந்தது. ஒரு வருஷம் கழித்து நாலு வரி தெரிகிறது. தையலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு நூல் எட்டிப்பார்க்கிறது, அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன் என்கிறார் டாக்டர். மாதம் ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறாள்.

போன மாதம் கூடத்தின் புது மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பாதுகாப்பு வாரம் வருகிறதாம். சுவரெங்கும் ஒட்ட ஒரு படம் வேண்டுமாம். நீராவி பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றால் எல்லாருக்கும் ஊக்கமாக இருக்குமாம்.

“படத்துக்குக் கீழ என்ன எழுதுவீங்க?” என்று கேட்டாள்.

“பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு.”

“நான் சொல்றதை எழுதினா நிக்கறேன்.”

“சொல்லுங்க.”

அவள் சொன்னாள். நிதானமாக, தேதிகளோடு சொன்னாள். மேலாளர் முதலில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பாதியில் பேனா நின்றுவிட்டது. அது கொஞ்சம் நீளமாக இருக்கிறது, பார்க்கலாம் என்றார். இப்போது சுவர்களில் இருப்பது கணக்கர் அறைப் பெண்ணின் படம். சலவை இயந்திரங்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவள். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாள். நீராவி அதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டி, எப்படி மாட்டக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறாள். மேலாளர் காதுக்கு இன்னும் அது எட்டவில்லை.